நாற்பத்தோரு வீட்டுக் காற்றின் விலை பூஜ்யமாம்

ஐன் ஸித்ரா,
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் நௌஃபலுக்கு உன் பெரியம்மா மன்ஜியா ஸலாம் சொல்லி எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல உடம்பும் தடையில்லாத மூச்சும் தரட்டும். இங்கே நானும் உன் பெரியப்பாவும் சுகம். மூச்சைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நகராட்சி வாசலில் ஒட்டியிருக்கும் உன் அறிக்கையை நின்றபடியே முழுக்கப் படித்தேன். நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. குர்ஆன் ஓதிப் பழகிய எழுத்துதான். ஆனாலும் சிமெண்ட் ஆலைக்காரர்கள் இரண்டாவது சூளை கட்டினால் வரும் லாபம் ஒரு பக்கம், ஊருக்கு ஆகும் நஷ்டம் ஒரு பக்கம் என்று நீ போட்டிருந்தது எனக்குப் புரிந்தது. லாபப் பக்கம் எட்டு வரி. நஷ்டப் பக்கம் ஒரே வரி: "சுத்தமான காற்றுக்கு ஊர்மக்கள் வைக்கும் மதிப்பு: பூஜ்யம்." கீழே உன் கையெழுத்து. வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதை வைத்துத்தான் அனுமதி கொடுக்கப் போகிறார்களாம்.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், சொன்னவளே நான்தான். நீ அனுப்பிய பெண் படிவத்தோடு வந்தாள், நல்ல பிள்ளை, தேநீர் கொடுத்தேன், தூசி இல்லாமலிருக்க மாதம் எத்தனை தினார் கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

"என் மாடியில அழுக்கு கொட்டுறவன் அவன். கொட்டாம இருக்க நான் காசு குடுக்கணுமா, மகளே? திருடன் வராம இருக்க அவனுக்கே மாசச் சந்தாவா?"

"பேச்சுக்கு ஒரு தொகை சொல்லுங்கம்மா. கட்டத்துல எழுதணும்."

"ஒரு மில்லிம் கூடக் கிடையாது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். பக்கத்து வீட்டு சலூஹாவும் அதையே சொன்னாள், இரண்டு கெட்ட வார்த்தை சேர்த்து. அதற்குக் கட்டம் இல்லையாம். நாற்பத்தோரு வீடும் இப்படித்தான். நாங்கள் கோபப்பட்டதை நீ விலை என்று எடுத்துக்கொண்டாய்.

தொகைதானே வேண்டும், நானே போட்டுவிட்டேன். ஆகஸ்டில் வருஷத்துக்கென்று கோதுமை ரவையில் அறுபது கிலோ குஸ்குஸ் உருட்டி மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காய வைத்தோம், மூன்றாம் நாள் காற்று திரும்பி ஆலைப் பக்கமிருந்து வீசியது, அடுத்த வெள்ளிக்கிழமை ஆவியில் வைத்தால் குஸ்குஸ் வேகவில்லை, சிமெண்டாக இறுகியது, உன் பெரியப்பா ஒரு வாய் வைத்தார், கடைவாய்ப் பல் போயிற்று, தபால் ஆபீஸில் முப்பது வருஷம் பொறுமை பழகிய மனுஷர், மிச்சத்தை எடுத்து வை, பின்சுவரைப் பூசிவிடலாம் என்றார். பிறகு மாடியில் ஒரு போர்வையை ஒரு வாரம் விரித்து, விழுந்ததைக் கூட்டி, சமையல் தராசில் நிறுத்தேன்: முந்நூற்று நாற்பது கிராம். ஆலை வாசலுக்கு எடுத்துப் போனால் காவல்காரன் அது பாலைவனத் தூசி என்றான். அவனுடைய தேநீர்க் கோப்பையிலேயே அதைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கரண்டியை நிறுத்தி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் கரண்டி அசையாமல் நிற்கிறது.

"பாலைவனம் கரண்டியப் பிடிச்சு வச்சுக்குமா, தம்பி?"

அது தன்னுடைய கோப்பை என்று மட்டும் சொன்னான்.

தூசி படிந்த துணியை இரண்டாம் முறை துவைத்த சோப்பு, தண்ணீர், குஸ்குஸ், பல், பெரியப்பாவின் இருமல் மருந்து, எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு தினார். ஒரு மில்லிம் கூட்டி எழுதவில்லை, மறுமையில் பதில் சொல்ல வேண்டியவள் நான். ஆட்டு லாரிகள் கிளப்பும் புழுதிக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டேன். ரமலானுக்கு ஆலை கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டியையும் கழித்தேன், அடியில் இருந்தவை புழுத்திருந்தாலும். இதை நாற்பத்தொன்றால் பெருக்கி, பூஜ்யத்தை அடித்துவிட்டு அங்கே எழுது. எழுதாவிட்டால் கூட்டத்தில் எழுந்து நின்று இந்தக் கையெழுத்து என் தங்கச்சி மகனுடையது என்று சொல்வேன். வெட்கம் எனக்கில்லை.

உன் உம்மாவுக்கு என் ஸலாம். அல்லாஹ் உன் பேனாவுக்கு நேர்வழி காட்டட்டும்.

துஆவுடன்,
உன் பெரியம்மா மன்ஜியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செவ்வாய் விடிந்துவிட்டது. உன் பெரியப்பா காப்பிக்கடையில் என் தொகையைச் சொல்லியிருக்கிறார். இன்று காலை ஆலையின் கணக்கர் பேரீச்சம்பழப் பலகாரப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க போட்ட தொகைய அப்படியே குடுத்துடறோம்மா. நாப்பத்தோரு வீட்டுக்கும், வருஷா வருஷம். புகைபோக்கியில தூசி வடிகட்டி மாட்டுறதவிட இது எங்களுக்கு ரொம்ப மலிவு."

ஆகவே மேலே எழுதிய கணக்கைக் கிழித்துப் போடு. பூஜ்யமும் வேண்டாம், என் தொகையும் வேண்டாம். பூஜ்யம் என்றால் சும்மா கொட்டுவான், தொகை சொன்னால் ரசீதோடு கொட்டுவான். விற்பதற்கில்லை என்று எழுது. அதற்குக் கட்டம் இல்லையென்றால் கோடு போட்டு ஒரு கட்டம் உண்டாக்கு. வியாழக்கிழமை நாற்பத்தோரு வீட்டுப் பெண்களும் வந்து அதில் கையெழுத்துப் போடுகிறோம். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குள் உன் பெரியப்பா இரண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டதால் கணக்கர் கையில் இரண்டு தினார் வைத்தேன். இந்த ஊர் ஆலைக்குக் கொடுக்கச் சம்மதித்த தொகை அவ்வளவுதான். அதை வேண்டுமானால் அறிக்கையில் சேர்த்துக்கொள்.