"எங்க கிழிக்கறது, சாமி?"

பிள்ளைகளே, புத்தகத்தைக் கிழித்ததற்காக நான் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் கிழிசலண்ணன்தான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரியில் அவர் போர் போடுகிறவர், நான் சமையல்காரன். கூட ஒரு டிரைவர், ஒரு ஹெல்பர். நாலு பேருக்கும் கதைப் பைத்தியம். தடிப் புத்தகம் ஒன்று வாங்கியதும் அண்ணன் அதை நாலாகக் கிழித்து, ஒவ்வொரு பாகத்தையும் கோணி ஊசியால் தைத்துவிடுவார். அவர் படித்து முடித்த பாகம் டிரைவருக்கு, அப்புறம் ஹெல்பருக்கு, கடைசியில் எனக்கு. முந்திப் படித்தவர் கதையைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வெங்காயம் முழுக்க அவர்தான் உரிக்க வேண்டும். டிரைவர் மாதத்தில் பாதி நாள் அழுதுகொண்டுதான் இருப்பார்.

இப்படி நிம்மதியாக இருந்தபோது அண்ணனின் மகன் ஒரு மின்புத்தகக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஆயிரம் புத்தகம் இதுக்குள்ள இருக்குதுப்பா."

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்குது. எங்க கிழிக்கறது, சாமி?"

"எங்க போனுக்கு அனுப்பலாமா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"முடியாதுங்க. வாங்குனவங்க மட்டுந்தான் படிக்கலாமாம்."

ஆக ஒரு கருவி, நாலு பேர். அவரவர் நிறுத்திய பக்கத்தை லாரிக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். டிரைவருக்குக் கண் மங்கல்; எழுத்தைப் பெரிசாக்கிவிட்டார். பக்கக் கணக்கே மாறிப்போயிற்று. என் நூற்றிருபதாம் பக்கத்தைத் திறந்தால், நேற்றுப் பேரன் எடுத்த கதாநாயகியை இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்!

"ஏனுங்க டிரைவரண்ணா, இது புத்தகமா, கடை போர்டுங்களா?"

"எனக்குத் தெரியற அளவுக்கு வெச்சிருக்கறேன். நீ வேணும்னா தள்ளி நின்னு படி!"

வாழப்பாடிப் பக்கம் வேலையாக இருந்தபோது என் மனைவிக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. கதையிலோ, காணாமல்போன அண்ணன் திரும்பி வருவானா என்கிற கட்டம். முன்னே என்றால் என் பாகத்தை மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பேன். கருவியைத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று பேர் கதை நின்றுவிடுமே! மறுநாள் லாரி வடக்கே போகிறது. வெறுங்கையோடு சேலம் பஸ் ஏறினேன்.

பஸ் நகர்ந்தது. பின்னால் சேறும் சகதியுமாகக் கிழிசலண்ணன் ஓடி வருகிறார். "வந்துட்டான் சாமி! அண்ணன் வந்துட்டான்!"

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "எங்கய்யா உங்க அண்ணன்? சீக்கிரம் ஏறச் சொல்லுங்க!"

"அவன் கதைக்குள்ள இருக்கறானுங்க" என்றார் கிழிசலண்ணன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க மூச்சிரைக்க முடிவு முழுவதையும் சொன்னார்.

"தங்கச்சி அவன மன்னிச்சாளா இல்லியா?" என்று பின்சீட்டு அம்மா கேட்டார். அதையும் சொன்ன பிறகுதான் கண்டக்டரே விசில் ஊதினார்.

"அண்ணா, கதையச் சொல்லிப்போட்டீங்களே! வெங்காயம்?"

"தெரியுஞ் சாமி. நீ ஊட்டுக்குப் போயிப் புள்ளயப் பாரு."

மகள் பிறந்தாள். இரண்டு மாதம் கழித்து லாரிக்குத் திரும்பினேன். ஒரு நாள் தண்டனைதான். ஆனால் இரண்டு மாதமும் அண்ணன் வெங்காயத்தை வேறு யாரையும் தொடவிடவில்லையாம்.

"புள்ள ஆராட்டம் இருக்குது சாமி?" என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வெங்காயம்" என்றார், நான் கேட்காமலே.

அன்றைக்கு அவர் உரித்துக்கொண்டிருந்தது பூண்டு.