பொத்தானை விடாமல் பேசிய ஞாயிற்றுக்கிழமை

பக்கத்தில் நிற்பவருக்கு நம் பாஷை தெரியாது என்று நம்பி வாயைத் திறந்த எல்லோரும் ஒரு நாள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் பஸ்ஸிலோ சந்தையிலோ மாட்டியவர்கள் என் முன்னால் கதை சொல்ல வரவேண்டாம். நான் தீவுக்குத் தீவு மாட்டியவள்.

போன மாதம் தம்பி மகள் நிலா சென்னை ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். வைஃபை கொடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்களாம். "சொந்த விஷயத்தைக் கொட்டாதே, அடுத்தவங்க விஷயத்தை அதைவிடக் கொட்டாதே, நீயே லைனைப் பிடிச்சுக்காதே, யாரும் பாக்கலைன்னு நெனைக்காதே. ஒரே அறுவை அத்தை!" என்று அலுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தம்பி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "கவனிச்சுக் கேளுடி. உங்க அத்தைக்கும் இதே வகுப்பு எடுத்தாங்க. அவ கேக்கல. அப்புறம் என்ன ஆச்சுன்னு அந்தமானுக்கே தெரியும்" என்றான். (இவன் அப்போது டவுசர் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுகத் திரிந்தவன். பேச்சைப் பாருங்கள்!)

எழுபதுகளின் தொடக்கம். நான் போர்ட் பிளேரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டு, டாலிகஞ்ச் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். வீடு லாங் ஐலண்டில். அப்பா அங்கே மரமில்லில் மேஸ்திரி. கடிதம் எழுதினால் படகு போகும்போதுதான் போகும். படகோ, கடல் மனசு வைத்தால்தான் போகும். ஆகவே வெளித்தீவுப் பெண்களுக்காக எங்கள் வார்டன் யார் யார் காலையோ பிடித்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு காலை வயர்லெஸ் அறைக்குப் போய் ஆளுக்கொரு நிமிடம் வீட்டாரோடு பேசிக்கொள்ளலாம்.

வார்டன் வங்காளி. வாராவாரம் வாசலிலேயே நிறுத்தி இந்தியில் பாடம் நடத்துவார். சுருக்கமாகப் பேசு. வீட்டுச் சண்டையை இங்கே போடாதே. யார் பேரையும் இழுக்காதே. பொத்தானை அழுத்தினால் நீ பேசலாம், விட்டால்தான் அவர்கள் பேசுவது கேட்கும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல். கடைசியாக விரலை ஆட்டி, "சப் லோக் சுன்தா ஹை!" என்பார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் தலையை மட்டும் பலமாக ஆட்டுவேன்.

அந்த வாரம் படகில் வந்த ஒருவரிடம் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். ஹேவ்லாக் மாமா வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அடுத்த படகில் கிளம்பி வா. அவ்வளவுதான் சேதி.

ஹேவ்லாக் மாமா, அந்தத் தீவில் கருவாட்டு வியாபாரி, எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. மெட்ராஸிலிருந்து அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். தீவில் அது சொந்தத்துக்கும் ஒரு படி மேலே. ஒன்றாக வாந்தி எடுத்தவர்கள் பேச்சை மீற முடியுமா? மேல்தளத்தில் உட்கார்ந்து, உன் பெண் என் பையனுக்கு என்று அவர் சொல்ல, அப்பா தலையாட்டியிருக்கிறார். (நான் அப்போது அம்மா மடியில் விரல் சூப்பிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.) போனால் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன பெண்ணை ஹாஸ்டலுக்குப் படிக்க அனுப்பும் வழக்கமெல்லாம் அப்போது எங்கள் பக்கம் ஏது? டீச்சர் ஆகவேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு ஆசையே எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை. சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்.

அறைத்தோழி சத்யவதி, தெலுங்குக்காரி, யோசனை சொன்னாள். "அரே, தமிழ் மே போல் நா! கோன் சம்ஜேகா?" வயர்லெஸ்ஸில் அப்பாவிடம் தமிழில் பேசிவிடு, இங்கே யாருக்குப் புரியப் போகிறது என்கிறாள். அடடா, என்ன மூளை என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. என் முறையும் வந்தது. அந்தப் பக்கம் அப்பா "செண்பகம், சொல்லும்மா" என்றதுதான் தாமதம், பொத்தானை அழுத்தினேன். பல் பிடுங்கும்போது நாற்காலிக் கையைப் பிடிப்போமே, அப்படி ஒரு பிடி.

"அப்பா, நான் வரமாட்டேன். படிப்பை முடிச்சுட்டுத்தான் வருவேன். கருவாட்டு மூட்டைக்கு நடுவுல என்னால காலம் தள்ள முடியாது. ஹேவ்லாக் மாமா வாயைத் தொறந்தா அதே கப்பல் கதை, தெனம் யாரு கேக்கறது? அவர் பையன் நல்லவர்தான், ஆனா அவர் சிரிச்சா ஸ்டார்ட் ஆகாத படகு இன்ஜின் மாதிரி இருக்கு. நீங்க மாமா முன்னாடி வாயே தொறக்க மாட்டீங்க, உங்க வீரமெல்லாம் அம்மாகிட்டதான்!"

ஆபரேட்டர் கையை மேலும் கீழும் ஆட்டினார். நன்றாகப் பேசுகிறேன் என்று உற்சாகப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் தெம்பாகப் போனேன்.

"இங்க என்ன சொகமாவா இருக்கேன்? வார்டன் தால்ல பானி ஊத்தல, பானில தாலைக் காட்டுது. ஒரு நாள்தான் நானும் சத்யவதியும் கேட் தாண்டி மேட்னி சினிமாவுக்குப் போனோம், அதுகூட பாதிப் படம். இதெல்லாம் எதுக்கு? டீச்சர் ஆகணும்னுதானே! ஓவர்!"

பொத்தானை விட்டேன். திரும்பினால் வார்டன் முகம் சிவந்திருக்கிறது, சத்யவதி முகம் வெளுத்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. வார்டன், பருப்புக்கு தால், தண்ணீருக்கு பானி, கேட், மேட்னி, சினிமா. நான் பேசிய அந்தமான் தமிழில் வங்காளிக்குப் புரியாத வார்த்தை என்ன இருந்தது?

அடுத்து ஒரு குரல் வந்தது. லாங் ஐலண்டிலிருந்து இல்லை.

"செண்பகம், ஹேவ்லாக்லேருந்து மாமா பேசறேன். எத்தனை வாட்டி நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன், நீ கையை எடுத்தாத்தானே! கருவாட்டு மூட்டையெல்லாம் நேத்தே குடோனுக்கு மாத்தியாச்சு. ஓவர்."

பெண் பார்க்க வரும் படகு எப்போது என்று விசாரிக்க, மகனையும் கூட்டிக்கொண்டு வயர்லெஸ் இருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார். எல்லாத் தீவுக்கும் ஒரே அலைவரிசை. அவர் குரலுக்குப் பின்னாலேயே கர்... கர்... கர்ர்ர் என்று ஒரு சத்தம். சாட்சாத் அதே சிரிப்பு! பாவம், தன்னைச் சொன்னதற்குத் தானே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடலில் குதித்துவிடலாமா என்று இருந்தது.

எல்லோரும் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். அவரைச் சுற்றி பாதி மில்லே நின்றதாம். வீட்டில் மட்டும்தான் வீரம் என்று பெற்ற பெண் ஒலிபரப்பிய பிறகு மனுஷன் எங்கே பார்ப்பார்? போச்சு, படிப்பும் போச்சு, அப்பாவின் மானமும் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

கரகரவென்று அப்பா குரல் வந்தது. தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார்.

"அண்ணே... எம் பொண்ணு படிக்கட்டும். ஓவர்."

கப்பலில் ஆட்டிய தலையை அப்பா அன்றுதான் நிமிர்த்தினார்.

மாமா யோசிக்கக்கூட இல்லை. "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்னய்யா? நான் என்ன புலியா? படிக்கட்டும். ஓவர்."

வார்டன் சும்மா விடுவாரா? அந்தப் பருவம் முடியும்வரை தால் கரண்டி என் கையில்தான். ("இப்ப நீ கெட்டியா ஊத்து, பாக்கலாம்!") சத்யவதி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நியாயம்தானே? என்னை மட்டும் கவிழ்த்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, பேர் சொல்லி அவளையும் சேர்த்தல்லவா கவிழ்த்தேன். இதற்கெல்லாம் மேலே, ஞாயிறுதோறும் வயர்லெஸ் வாசலில் நின்று மற்றப் பெண்களுக்கு அந்த விதிகளை நான்தான் சொல்லவேண்டும் என்றார் வார்டன். சொன்னேன். ஒருத்தி விடாமல் கவனித்துக் கேட்டார்கள், உதாரணம் எதிரிலேயே நின்றதால். நான் நடத்திய முதல் வகுப்பு அதுதான். நல்லாத்தான் நடத்தினேன்.

பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தேன். தீவுகளில் பிறகு ஒரு வரனும் வரவில்லை. கடைசியில் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த ஒருவர்தான் என்னைக் கட்டினார். அவருக்கும் கப்பல் துறையில் இறங்கியவுடனே யாரோ கதையைச் சொல்லிவிட்டார்களாம். இன்றைக்கும் நான் பேச்சை நீட்டினால், "செண்பகம், கையை எடு" என்பார்.

நிலா சென்னைக்குப் படிக்கப் போகவேண்டும் என்று நின்றபோது சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பொம்பளப் புள்ளையை அவ்வளவு தூரமா, காலம் கெட்டுக் கிடக்கே என்று ஆளுக்கு ஆள் இழுத்தார்கள். தம்பி வாயே திறக்கவில்லை. அப்படியே அப்பா. நிலா என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமினான், இன்னொரு முறை செருமினான், இல்லாத பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"எம் பொண்ணு படிக்கட்டும். ஓவர்."