இடது மூக்கு விஷயமாக

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அத்தான், என் மூக்கு மூவரும் நலம். நீ பதறிக்கொண்டு கிளம்பி வர வேண்டாம்.

ஒரு வருஷமாக என் இடது மூக்கு அடைத்துக் கிடந்தது. பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் அறிவிப்பு சொன்ன குரல் இது, போனை எடுத்தால் "ஜலதோஷமா?" என்று கேட்டார்கள். மருந்துக் கடைக்காரர் மூன்று நிறத்தில் சொட்டு மருந்து கொடுத்தார், உன் அத்தான் ஆவி பிடி என்றார், ஒரு காலையில் தலையணை உறையில் ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டார். திரையில் திராட்சைக் கொத்து மாதிரி என்னவோ தெரிந்தது. அதைப் பார்த்த உன் அத்தான் சுவரோரமாகச் சரிந்துவிட்டார். என்னை எழுப்பிவிட்டு அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

"ஒரு பக்கம் மட்டும் அடைச்சு, ரத்தமும் வந்தா சும்மா சளின்னு விட்டுடக் கூடாதும்மா" என்று ஸ்கேன் எடுத்து, சதையும் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அந்த நோயின் பெயரை நாங்கள் இருவரும் வாயில் எடுக்கவில்லை. நாலாம் நாள் உன் அத்தான் சமையலறையில் நின்று, "உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது?" என்றார்.

"அதுக்குள்ள என் கதையை முடிச்சிட்டீங்களா?" என்றேன். உடனே டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினார். அதுவும் மாற்றி.

"புற்றுநோய் இல்லம்மா. வயசானவங்களுக்கு அபூர்வமா வர்ற சாதாரணக் கட்டி. ஆனா விட்டா வளரும், எலும்பை அரிக்கும், சில பேருக்குக் கெட்டதாவும் மாறும். வேரோட எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஒரு கீறல் இல்லை. மூக்கு வழியாகவே எடுத்தார்கள். அடைத்திருந்த பஞ்சை உருவியபோது, இவ்வளவு பெரிய வீட்டையா இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தோம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் முதலில் வந்த வாசனை, உன் அத்தான் தீய வைத்த பால்.

மறுபடி முளைக்கலாமாம், அதனால் சில வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டுமாம். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று எழுதியபோது உன் அத்தான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கடைக்குப் போயிருக்கிறார். வருகிற புதன்கிழமை மறுபடி குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். பயமா இருக்குடி. செவ்வாய்க்கிழமையே வந்துடு.