மூலைக்காவலனுக்கு மறதி அவசியம்

உலகத்திலேயே மிகக் கடினமான உத்தியோகம் எது என்று கேட்டால் சிலர் ஜனாதிபதி பதவி என்பார்கள். சிலர் மாமியாருடன் ஒரே வீட்டில் குடியிருப்பது என்பார்கள். இவர்கள் யாரும் கார்னர்பேக் ஆடிப் பார்த்ததில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்பவன் மைதானத்தின் ஓரத்து மூலையைத் தனியாளாகக் காப்பவன். பந்தைப் பிடிக்க வரும் எதிரணிக்காரன் முன்னால் பார்த்து ஓடுவான். நம் ஆள் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓட வேண்டும். எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அவன் பந்தைப் பிடித்துவிட்டால் ஊரே இவனைத் திட்டும். பிடிக்காவிட்டால் ஊர் வேறு யாரையாவது பாராட்டும். இவ்வளவு கௌரவமான பதவி இந்த டெக்சாஸ் மாநிலத்தில் வேறு இல்லை.

எங்கள் ஊரான மெஸ்கீட் ஃபோர்க்கின் மக்கள்தொகை மூவாயிரம். பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கைகள் ஐயாயிரம். மீதி இரண்டாயிரம் நம்பிக்கை.

நான் வெண்டல் ரஸ்க், பள்ளி அணியின் ‘மருத்துவ ஆலோசகர்’. மற்ற நேரங்களில் மாட்டு வைத்தியர். அணிக்கு ஒரு ‘டாக்டர்’ வேண்டும் என்று பள்ளி வாரியத்தின் விதி சொல்கிறதே தவிர, எந்த ஜீவராசிக்கு டாக்டர் என்று சொல்லவில்லை. இந்த நுணுக்கத்தை வாரியம் ஒரு விசேஷக் கூட்டம் கூட்டி, சுட்ட மாட்டிறைச்சியும் பீன்ஸும் சாப்பிட்டு, ஏகமனதாகக் கண்டுபிடித்தது.

எங்கள் பயிற்சியாளர் ஹாலிஸ் பிரூவர் அந்த வருஷம் டல்லாஸில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு ஞானியாகத் திரும்பினார். “கார்னர்பேக்குக்கு ஞாபகசக்தி குட்டையா இருக்கணும்” என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பந்தைக் கோட்டைவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்ததையும் கோட்டைவிடாதே என்றுதான் அதற்குப் பொருள். சாதாரண மனிதர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் கோச் ‘மறதி மேம்பாட்டுத் திட்டம்’ என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டார்.

அதில் முப்பத்தொன்பது பக்கம், எதிரணி பந்தை எறிந்தால் என்ன செய்வது என்பது பற்றி. பின்னால் ஓடு, எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார், கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்றெல்லாம் உயர்ந்த கருத்துகள். பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் என்ன செய்வது என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: ‘ஓட்டம் வந்தால் தலையைக் கொடு.’

எங்கள் கார்னர்பேக் பெயர் லாமோண்ட் டூப்ரி. பதினேழு வயது. அவனிடம் ஒரு பெரிய குறை இருந்தது: அவன் எதையும் மறக்க மாட்டான். போன வருஷம் எந்த ஊர்க்காரன் எத்தனையாவது அடியில் இடுப்பைத் திருப்பினான் என்று தேதியோடு சொல்வான். அதை வைத்தே பந்துகளைத் தட்டிப் பறிப்பான். மாவட்டத்தில் அவனைத் தாண்டி யாரும் பந்து பிடித்ததில்லை. இந்தக் குறையைத்தான் கோச் நீக்க வேண்டியிருந்தது.

“ஒவ்வொரு தடவ பந்து நின்னதும் நான் ‘என்ன நடந்துச்சு’ன்னு கேப்பேன். நீ ஹெல்மெட்ட ரெண்டு தட்டு தட்டி ‘ஒண்ணும் தெரியாது கோச்’னு கத்தணும். புரியுதா?”

“மறந்துட்டா அவன் அடுத்த தடவையும் அதையே பண்ணும்போது எப்படிக் கண்டுபிடிக்கிறது கோச்?”

“நல்ல கேள்வி. அதையும் மறந்துடு.”

“அப்புறம் கோச், ஓடி வர்றவனத் தடுக்கத் தலையக் குடுன்னு போட்டிருக்கு. தலைய நிமிர்த்தி வெச்சுத் தோளாலதான் மோதணும்னு மிடில் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. வெளிப்பக்கத்த அடைச்சு நின்னு, உள்பக்கம் தள்ளி விட்டா மத்தவங்க பிடிச்சுப்பாங்க...”

“மிடில் ஸ்கூல ஃபர்ஸ்ட் மறடா!”

லாமோண்ட் நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னால் கேட்பான். ஒரே மாதத்தில் மறதியில் தேறிவிட்டான். திட்டம் ஊருக்குள்ளும் பரவியது. முடிவெட்டும் கடையில் தலைமுடியைத் தப்பாக வெட்டிவிட்டு “ஒண்ணும் தெரியாது கோச்” என்றார்கள். தொழுவத்துக் கதவைத் திறந்துபோட்டது யார் என்று என் மனைவி கேட்டபோது நானே தொப்பியை இரண்டு தட்டுத் தட்டினேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு போட அவள் மறந்துவிட்டாள்.

லாமோண்டின் அம்மா ரெனெட்டாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் அவர்.

“டாக்டர், வீட்டுலயும் எதக் கேட்டாலும் ‘ஒண்ணும் தெரியாது’ங்கறான். நாளைக்கு அவனுக்கு நெசமாவே ஏதாவது ஆச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“மேடம், அதுக்குத்தானே நான் இருக்கேன்” என்றேன், மிகுந்த கம்பீரத்துடன்.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹார்லன் வெல்ஸ் அணியோடு நாக்-அவுட் ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் பதினான்கு புள்ளி, அவர்கள் பத்து, இன்னும் ஆறு நிமிடம் பாக்கி. லாமோண்ட் பக்கம் எறிந்து பிரயோஜனமில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனவே பந்தைத் தங்கள் ஆள் குபெட்காவிடம் கொடுத்தார்கள். குபெட்கா நூற்றுப் பத்து கிலோ. அவனுக்குப் பள்ளிப் பையன் என்று சான்றிதழ் கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் ஓரமாக ஓடி வந்தான். லாமோண்ட் வெளிப்பக்கத்தை அழகாக அடைத்தான். பிறகு, நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தபடி, குனிந்து தலையைக் கொடுத்தான். குபெட்காவின் முழங்கால் அதை வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. குபெட்கா விழுந்தான், எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கூத்தாடினார்கள். லாமோண்டை இரண்டு பேர் கைத்தாங்கலாக எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

“என்ன நடந்துச்சு?” என்று கத்தினார் கோச்.

“ஒண்ணும் தெரியாது கோச்.”

“பாத்தீங்களா டாக்டர்! இப்படி ஒரு அடி வாங்கியும் பாடத்த மறக்கல பாருங்க!”

நான் முறைப்படி பரிசோதனையைத் தொடங்கினேன். “லாமோண்ட், ஸ்கோர் என்ன?”

“தெரியாது சார்.”

“எந்த ஊர்ல ஆடுறோம்?”

“தெரியாது சார்.”

“நூத்துக்கு நூறு!” என்றார் கோச்.

“உங்கம்மா பேரு என்னப்பா?”

அவன் ஹெல்மெட்டைத் தட்டக் கையைத் தூக்கினான். “அதையும் மறக்கணுமா சார்?” என்று கேட்டான்.

அவன் கண்களைப் பார்த்தேன். ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தன. ஒரு கன்றுக்குட்டிக்கு அப்படி இருந்தால் அன்றைக்கு அதைத் தொழுவத்தை விட்டு வெளியே விடமாட்டேன். பிறகு ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. கட்டைவிரலை உயர்த்தினேன்.

லாமோண்ட் உள்ளே போனான். நேராக ஹார்லன் வெல்ஸ்காரர்கள் வட்டமாகக் கூடி ரகசியம் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் அவர்களோடு நின்றுகொண்டான்.

“வேவு பாக்குறான்! என்ன மூளைடா இவனுக்கு!” என்றார் கோச்.

நடுவர் அவனைத் தோளில் தொட்டு எங்கள் பக்கம் திருப்பி அனுப்பினார். அடுத்த பந்தை அவன் பக்கமே எறிந்தார்கள். பிடிக்க வந்தவன் அவனைத் தாண்டி ஓடினான். லாமோண்ட் பின்னால் ஓடவில்லை, இடுப்பைப் பார்க்கவில்லை, மெதுவாகப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். காவலே இல்லாமல் நின்ற எதிராளி, இது ஏதோ பொறி என்று பயந்து பந்தைக் கைநழுவ விட்டான். புள்ளிவிவரத்தில் அது ‘லாமோண்ட் தடுத்த பந்து’ என்று பதிவானது. பேருந்து ஓட்டும் ரெனெட்டா வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தபோது அவன் மல்லாந்து கிடந்தான்.

நாங்கள் வென்றோம்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளி நூலகத்தில் வாரியத்தின் விசாரணை நடந்தது. லாமோண்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறதாம். தங்கையின் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ரெனெட்டா எழுந்து எங்களையெல்லாம் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என் புள்ள கண்ணப் பாத்துட்டு, இவன் ஆடலாம்னு உள்ள அனுப்பினது யாரு?”

கோச் எழுந்தார். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம்.”

உதவிக் கோச்சுக்கும் ஞாபகம் இல்லை. பக்கத்திலேயே நின்ற தலைமையாசிரியருக்கும் இல்லை. என் முறை வந்தது. ரெனெட்டா என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், எங்க வீட்டு நாய் நொண்டினப்ப ரெண்டு தடவ எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களே. நீங்களாவது சொல்லுங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம்.”

கடைசியாக வாரியத் தலைவர் பையனைக் கேட்டார். “தம்பி, உன்ன யாரு உள்ள போகச் சொன்னாங்க?”

லாமோண்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப முயற்சி செய்தான். அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்” என்றான்.

‘மேடம்’, ‘சார்’ தவிர ஐந்து வாக்குமூலங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததால், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று வாரியம் ஏகமனதாக விசாரணையை முடித்துக்கொண்டது. எங்கள் ஊரின் ஒற்றுமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஐந்தில் ஒன்று மட்டும் உண்மை. அது என்னுடையதல்ல.