காருக்குத் தாடி முளைத்த விவரம்

உத்தனப்பள்ளி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் ராமப்பன் சொல்லச் சொல்ல, எங்கள் மாடியில் குடியிருக்கும் பூபதியின் சம்சாரம் தமிழ்செல்வி எழுதும் கடிதம். இங்கே நான் சுகம், உங்கள் அத்தை மாரம்மா சுகம், பசு சுகம். அங்கே குஜராத்தில் நீங்களும், என் மகள் காவியாவும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிறபோது வேண்டிக்கொள்கிறோம். கார் மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். நான் வாயால் ஒன்று சொல்ல, கேட்டவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டு, குடும்பமே ரெண்டாகப் போனது உங்களுக்குத் தெரியாததா. தக்காளி கிலோ நூற்றைம்பது ரூபாய்க்குப் போன வருஷம் அது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடைக்கு ஆள் வைத்துக் காவல் காத்தார்கள். அதே ஆடியில் காட்டிலிருந்து இறங்கின யானைகள் எங்கள் ராகிக் கொல்லையை மிதித்துப் பாய் விரித்த மாதிரி ஆக்கிவிட்டுப் போயின. அதற்கடுத்த மாசம் ஆவணியில் என் மகன் சந்தோஷுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க ஓசூருக்கு நான்தான் போனேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் உறவுமுறையில் ஒரு பெயர் விடாமல் மனசிலிருந்தே சொன்னேன். உங்கள் அப்பா பெயர் வந்தபோது, ஊரே சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "சென்னப்பன். அவரு எப்பவும் லேட்டுப்பா." அந்த அச்சுக்காரன் ரொம்பப் பொறுப்பானவன். "லேட் சென்னப்பன்" என்று அடித்துவிட்டான். வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தேதி சரியா என்று மட்டும் பார்த்தார்கள். ராயக்கோட்டை முழுக்கப் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, உங்கள் அப்பாவே அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "நான் எப்ப செத்தேன் சம்பந்தி?" என்று கேட்டார். அதன் பிறகு நீங்கள் யாரும் எங்கள் படி ஏறவில்லை. காவியா இல்லாமல் ரெண்டு பொங்கல் போயிற்று. இதில் என் தப்பு எது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. அது கிடக்கட்டும்.

காவியா முழுகாமல் இருக்கிறாள் என்று ஆன பிறகு உங்கள் மனசு இளகியது. உங்கள் கம்பெனியின் குஜராத் பிளான்ட்டுக்கு மாற்றலாகிப் புறப்படும் முன்னால் உங்கள் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, வளைகாப்பு முடிஞ்சதும் காவியாவ இங்க கூட்டிகினு வந்து விடறேன். வலி எடுத்தா வண்டிக்கு அலைய வேணாம், இது இருக்கட்டும். பூபதி ஓட்டுவாரு" என்றீர்கள். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் உங்கள் வாயில் வந்த முதல் மாமா அதுதான். மாரம்மா அன்றைக்கு ராத்திரி சோறே சாப்பிடவில்லை, சந்தோஷத்தில். காருக்கு அவளே திருஷ்டி கழித்தாள். எலுமிச்சம்பழம் கட்டினாள். அந்த எலுமிச்சம்பழத்தில்தான் வினை வந்தது.

காரின் முன் பக்கம் வெள்ளிப் பல் வரிசை மாதிரி இருக்கிறதே, அதில்தான் பழத்தைத் தொங்கவிட்டிருந்தாள். நம் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பழத்தை நக்கிப் பார்த்திருக்கிறது. புளிப்பு. கோபத்தில் கொம்பால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. பல் வரிசைக்குக் குறுக்கே நீளமாகக் கீறல். பூபதியைக் கூப்பிட்டேன். அவன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு பைக் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறவன், உங்களுக்குத் தெரியும். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது ஒரு விஷயமே இல்ல. கிரில் முழுசையும் கருப்பா அடிச்சிருவோம். கீறல் இருந்த இடமே தெரியாது. பெங்களூர்ல இப்ப வெள்ள வண்டிக்கெல்லாம் கருப்பு கிரில்தான் ஸ்டைலு" என்றான்.

நான் வராண்டாவின் இரும்புக் கிரில்லைப் பார்த்தேன். "அதுக்கு எதுக்குப்பா பெயிண்டு? மாடு கீறினது காரைத்தானே" என்றேன். காரின் மூஞ்சிக்கும் கிரில் என்றுதான் பெயராம். வீட்டுக்கும் கிரில், காருக்கும் கிரில். இதையெல்லாம் யார் கண்டது.

மாரம்மா தடுத்தாள். "வேணாங்க. அந்த மனுசன் இப்பத்தான் வாயத் தொறந்து பேசறாரு. கீறல் இருந்தா மாடு கீறிச்சுன்னு சொல்லிக்கலாம். பெயிண்டு அடிச்சா மாடு அடிச்சிச்சுன்னு சொல்ல முடியுமா?" என்றாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூபதிக்கு லீவு. அன்றைக்குத்தான் உங்கள் அப்பா பத்து மணிக்கு வந்து காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் பத்து என்றால் சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரம் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். அதற்குள் காய்ந்துவிடும் என்றான் பூபதி. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பை எல்லாம் எடுத்தான். பெயிண்ட் மற்ற இடத்தில் படாமல் இருக்க பானெட்டுக்கும் விளக்குக்கும் பழைய பேப்பர் ஒட்டவேண்டும் என்றான். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் கார் ஆயிற்றே, ஏனோதானோ என்று ஒட்டலாமா. கட்டைப் பிரித்து, அழகான பக்கமாகத் தேடினேன். ஒரு முழுப் பக்கத்தில் நல்ல களையான பெரிய மனுஷன் படம், மாலை போட்டு, கை கூப்பிக்கொண்டு. ஏதோ பதவிக்கு வந்திருக்கிறார் போல என்று நினைத்து, அதைப் பானெட்டுக்கு நட்டநடுவில் ஒட்டினேன்.

பூபதி டப்பாவைக் குலுக்கினான். உள்ளே கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சத்தம். பசு மிரண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது, தப்புச் செய்தது அதுதானே. புஸ்ஸென்று அடித்தான். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் முதல் அடி என் வேட்டிக்கு விழுந்தது. "ஐயா, காத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தான். பொய் சொல்லக்கூடாது மாப்பிள்ளை, ரெண்டு தடவை அடித்ததும் அவ்வளவு அழகாக இருந்தது. கீறல் போன இடம் தெரியவில்லை. மாரம்மாகூட எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றாள். அவன் அதோடு விட்டானா. மூன்றாவது தடவையும் அடிக்க ஆரம்பித்தான். பெயிண்ட் சொட்டுப் போடத் தொடங்கியது. நான் பதறிப்போய், "சாக்கு, சாக்கு, சாக்கு" என்று கத்தினேன்.

நம் பக்கத்தில் பாதிப் பேச்சு கன்னடம். சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம், பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பூபதி சங்கரன்கோவில்காரன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் கிரானைட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி படாமல் மூடத்தான் ஐயா சாக்கு கேட்கிறார் என்று நினைத்துவிட்டான். டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினான். நான், "எங்கடா ஓடற, சாக்குடா" என்கிறேன். "இந்தா வந்துட்டேன்யா" என்கிறான். மாட்டுக்கொட்டகையில் கிடந்த ராகிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, ஈரப் பெயிண்டின் மேல் அப்படியே சாத்தி, நாலு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தியும் விட்டான்.

இந்த இடத்தில் தமிழ்செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயா, எங்க வீட்டுக்காரவுக மேல எதுக்குத் தப்பு எழுதச் சொல்லுதிய? நீங்க சாக்கு சாக்குன்னு கத்துனா அவுக சாக்கத்தான கொண்டாருவாக, குடத்தையா கொண்டாருவாக?" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

சாக்கை உரித்து எடுத்தோம். சாக்கு வந்தது, நார் வரவில்லை. பல் வரிசை முழுக்கச் சணல் நார், இடையிடையே ராகி உமி. காருக்குத் தாடி முளைத்துவிட்டது மாப்பிள்ளை. மழிக்காத சாமியார் ஒருத்தர் வந்து வாசலில் குந்திக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பூபதி தின்னர் ஊற்றித் துடைத்தான். நார் அசையவில்லை, பெயிண்ட் மட்டும் கரைந்து வெள்ளைப் பம்பரில் கண்மை கலைந்த மாதிரி ஒழுகியது. "ஐயோ, பாவி மனுசா, காவியாவ இனி அனுப்புவாரா" என்று மாரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிஷம் வாசலில் செருப்புச் சத்தம். உங்கள் அப்பா. பத்து மணி. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறார்.

தாடியைப் பார்த்தார். ஒழுகலைப் பார்த்தார். கருப்படித்த என் வேட்டியைப் பார்த்தார். அப்புறம் பானெட்டைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "கண்ணீர் அஞ்சலி. எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற குடும்பத் தலைவர்." அப்போதுதான் மாப்பிள்ளை, அந்தப் பெரிய மனுஷன் எந்தப் பதவிக்குப் போனார் என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் அப்பா என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு என்னைய லேட்டாக்கினீங்க. இன்னிக்கு என் பையன் காரயும் லேட்டாக்கிட்டீங்க. அடுத்தது யாரு சம்பந்தி?" என்றார். மாரம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. "நான் பிரகாஷுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வராண்டாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார். அதனால்தான் உடனே தமிழ்செல்வியைக் கீழே கூப்பிட்டு இதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, கார் உங்களுடையது, திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பசுவைக்கூட வேண்டுமானால் என் அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறேன். ஆனால் இதைச் சாக்காக வைத்துக் காவியாவை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். அந்தச் சாக்கு வேறு சாக்கு, தமிழ்செல்வி சரியாக எழுதியிருக்கிறாள். தலைப்பிரசவம், பெற்ற வீட்டில் ஆகவேண்டும். மாரம்மா இப்போதே பழைய சேலையெல்லாம் துவைத்துத் தொட்டிலுக்கு மடித்து வைத்திருக்கிறாள். நீங்களும் காவியாவும் பிறக்கப்போகும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், நல்ல பேரோடும், கீறல் படாத மனசோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, வாய் திறக்கவே பயந்துபோயிருக்கும் மாமனார், ராமப்பன் (கைநாட்டு).

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தபோதே உங்கள் அப்பா எழுந்து, "ஓசூர்ல எனக்குத் தெரிஞ்ச கார் ரிப்பேர் மேஸ்திரி இருக்கறான், நானே ஓட்டிகினு போறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். பின்னால் எடுக்கவேண்டிய காரை முன்னால் விட்டுவிட்டார். காரின் கிரில் போய் வராண்டாவின் கிரில்லில் மோதியது. வீட்டுக் கிரில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் கிரில் தாடியோடு சேர்ந்து சுக்கல் சுக்கலாகிவிட்டது. உங்கள் அப்பா இறங்கி, சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சம்பந்தி, அந்தக் காபி இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். குடித்தார். ரெண்டாவது டம்ளரும் குடித்தார். பூபதி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓசூர் போனார்கள். பழையது மாதிரியே வெள்ளிக் கிரில் புதிதாக மாட்டி, பம்பரையும் துடைத்து, இன்றைக்குக் கார் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் கட்டவில்லை.

"பிரகாஷுக்கு எதுவும் சொல்லாதீங்க, லெட்டரக் கிழிச்சுப் போடுங்க" என்கிறார் உங்கள் அப்பா. கிழிக்கலாம் என்றால் தமிழ்செல்வி, கை ஒடிய எழுதியிருக்கிறேன், அனுப்பித்தான் ஆகவேண்டும் என்கிறாள். அனுப்புகிறேன். அவர் இடித்ததற்காக நீங்கள் அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூடாது. வளைகாப்பு முடிந்து பெண்ணை எங்கள் கையில் பிடித்துக் கொடுக்க உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வேண்டும். உங்கள் நிச்சயதார்த்தத்துக்கு என் வீட்டுக்கு வந்து வெற்றிலை மாற்றிய பெரியவர்கள் ஒவ்வொருத்தரும் எனக்கு ஞாபகம் இருக்கிறார்கள். பெரியப்பா முனியப்பன் கொரோனாவில் போனார். மாமா திம்மராயன் ராயக்கோட்டை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த இடத்திலேயே போனார். அத்தை ரங்கம்மா போன தை மாசம் தூக்கத்தில் போனாள். மிச்சம் ஒருத்தர். தமிழ்செல்வி, இதைப் பெரிய எழுத்தில் எழுதம்மா, எழுதிவிட்டு எனக்கு ஒரு தடவை படித்தும் காட்டு: உயிரோடு இருப்பவர், சென்னப்பன்.