சாமிக்கு முன்னால் நான் விட்ட பகிடி

கதாநாயகனின் நண்பனாக நடிப்பவனை யாரும் மாப்பிள்ளையாகத் தேடுவதில்லை. இதைத் தொண்ணூறுகளில், ரொறன்ரோவில், நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஊரில் நடந்த போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்கள் அப்போது பள்ளிக்கூட மண்டபங்களை வாடகைக்கு எடுத்து நாடகம் போடுவார்கள். எந்த நாடகமானாலும் நாயகனின் நண்பன் நான்தான். அவன் காதலிப்பான், நான் அடி வாங்குவேன். அவன் அழுவான், நான் உட்கார்ந்த கதிரையோடு சரிந்து விழுவேன். (விழுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று நினைத்திருந்தேன். என் முழங்கால் இன்றும் அப்படித்தான் நினைக்கிறது.)

போதாக்குறைக்குப் பாட்டு வேறு. நகரின் பார்க்டேல் பகுதியில் ஒரு மதுக்கடையின் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரர் கன்ட்ரி மியூசிக் பாடுவார். பண்ணை, லொறி, விட்டுப்போன மனைவி, இவைதான் விஷயம். அவரிடம் கிற்றார் பழகினேன். மூக்கால் இழுத்துப் பாடவும், நடுவில் தொண்டையை உடைத்துக் குரலை மேலே எறிந்து பிடிக்கவும் பழகினேன். பிறகு நாடக இடைவேளைகளில் கௌபோய் தொப்பியோடு வந்து, ஸ்நோவைப் பற்றியும் வராத பஸ்ஸைப் பற்றியும் தமிழில் கன்ட்ரி பாடத் தொடங்கினேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதை என் சங்கீதத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் மாமி எனக்குச் சம்பந்தம் பேசினார். பெண்ணின் பெயர் வதனி. படத்தைப் பார்த்த அன்றே நான் மனதுக்குள் கல்யாண மண்டபம் பிடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பது கோயிலில். இரண்டு பக்கமும் தற்செயலாகச் சந்தித்தது போல வந்து நிற்பார்கள். பிடிக்காவிட்டால் சந்திக்கவே இல்லை என்று ஆகிவிடும், ஒருவருக்கும் மானம் போகாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வடக்கே இருந்த ஒரு கோயிலுக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் மாமி வாயைத் திறந்தார்.

"தம்பி, நீ கோயில்ல பஞ்சபுராணம் பாடுறனி எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ, ஏன் மாமி?"

"பின்னை? நாடகத்தில அடி வாங்கிறவன் எண்டே சொல்லச் சொல்லுறாய்?"

பஞ்சபுராணம் என்பது பூசை முடிவில் திருமுறைகளிலிருந்து ஐந்து பாடல்களைப் பாடுவது. யாராவது ஓர் அடியார் முன்னே போய்க் கைகூப்பிப் பாட வேண்டும். அன்று ஐயர் திரும்பிப் பார்த்ததும் வதனியின் அப்பா என் தோளில் கைவைத்தார்.

"ஐயா, இந்தத் தம்பி பாடுவார்."

மறுக்க வழியில்லை. முன்னே போனேன். முதலாவதான தேவாரம் ஒன்று மட்டும் சின்ன வயதில் அம்மா சொல்லித் தந்தது நினைவிருந்தது. அம்மா அப்போது ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். கண்ணை மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், உருகித்தான் தொடங்கினேன்.

ஆனால் வந்தது தேவாரம் அல்ல. முதல் அடியே மூக்கால் வந்தது. முழங்கால் தானாகத் தாளம் போட்டது. ராகம் மேலே ஏறுகிற இடத்தில் தொண்டை உடைந்து, குரல் கோபுரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அம்மா, அடி வாங்கிற அங்கிள்!" என்று ஒரு பிள்ளை கத்தியது.

அவ்வளவுதான். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் சிரித்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. அதையும் நடிப்பென்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். ஐயரின் கையில் தீபத் தட்டு குலுங்கியது. மற்ற நான்கு பாடல்களை யாரோ ஒரு புண்ணியவான் வந்து பாடி முடித்தார். சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர், வதனியும் அவளுடைய அப்பாவும்.

சப்பாத்து வைக்குமிடத்தில் அவர் எனக்காகக் காத்து நின்றார். சுற்றிவர நாடக ரசிகர்கள். "அண்ணை, கலக்கிப்போட்டியள்!" என்று ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையும்" என்றார் வதனியின் அப்பா. "நீர் உண்மையாய்ப் பாடினீரோ, இல்லாட்டிப் பகிடிக்கோ?"

உண்மையாகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலைத்தான் அவருடைய முகம் கேட்டது. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால், பாடத் தெரியாதவன் என்று ஒத்துக்கொள்வதா? பாவியாக இருந்தாலும் பரவாயில்லை, பாடத் தெரியாதவனாக இருக்க எனக்கு மனம் வரவில்லை.

"பகிடிக்குத்தான் அங்கிள்" என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

"சாமிக்கு முன்னாலையோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை மாமி பதில் கொண்டுவந்தார். "வேண்டாமாம். அவள் பிள்ளை என்ன சொன்னவள் தெரியுமே? நீ மனமுருகிப் பாடுறாய் எண்டுதான் தான் நினைச்சவளாம், குரல் எப்பிடி இருந்தாலும் பிடிச்சுதாம். நீ பகிடி எண்டு சொன்னாப் பிறகுதான் வெறுத்துப்போச்சாம்."

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பிறகு எனக்கு வேறிடத்தில் கல்யாணமாயிற்று. வீட்டிலும் அது பகிடிக்குப் பாடியது என்றே சொல்லி வைத்தேன். "அப்பா சாமிக்கே பகிடி விட்டவர்" என்று என் மகள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுவாள். கறி கருகினால் மனைவியும், கணக்கில் புள்ளி குறைந்தால் மகளும் சொல்வது ஒரே வசனம்: "பகிடிக்குத்தான் அங்கிள்!" நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன சரஸ்வதி பூசைக்கு வீட்டில் பாட ஆளில்லை. நானே பாடினேன். மூக்கை அடக்கி, முழங்காலை இறுக்கிப் பிடித்துப் பாடியும், மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து போயிற்று. மகள் விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப, அண்டைக்கும் உண்மையாத்தான் பாடினனீங்களோ?"

வாயைத் திறந்தேன்.

"பகிடிக்குத்தான் அங்கிள்!" என்று மகள் முந்திக்கொண்டாள்.

அவள் இன்னும் அந்த வசனத்தை விடவில்லை. மனைவி விட்டுவிட்டாள். இப்போது கறி கருகினால், கருகிப்போச்சு என்றுதான் சொல்கிறாள்.