வெங்காய நானா கேட்ட மாப்பு

கற்பிட்டியில் ஊர் முழுக்க மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டு, சாகாமல் திரும்பி வந்ததால் மாட்டிக்கொண்ட ஒரே மனிதர், வெங்காய யாவாரம் செய்த, எல்லோருக்கும் அண்ணன் முறையான எங்கள் வெங்காய நானாதான்.

யுத்தம் முடிந்து, வெங்காய லொறிகள் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய காலம். லொறி நானாவுடையது, சாரதி நான். மூலவியாதி முற்றி, ரத்தம் போய்ப் போய், ஒருநாள் மனிதர் மூட்டைமேல் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன்.

டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். "இந்தக் கட்டத்துக்கு மருந்து காணாது, வெட்டி எடுக்கணும். சில கிழமை நோவும். கொஞ்சம் ரத்தம் கசியலாம், சிலருக்குச் சிறுநீர் போகக் கஷ்டமா இருக்கும். அதை நாங்க பார்த்துக்குவோம். உயிருக்கு ஆபத்து வாறது மிகவும் அரிது. இப்படியே ரத்தம் போறதுதான் ஆபத்து."

நானா தன் மௌத்து உறுதி, சாவு வந்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார்.

எங்களூரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பார்கள். பொதுவாகக் கேட்டால் போதும். ஒப்பரேஷனுக்கு முந்தி நானாவும் அப்படிக் கிளம்பி, ஒவ்வொன்றாக விவரம் சொல்லிக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம், "உங்கட ஆட்டை அவுத்து விட்டது நான்தான்" என்றார். என்னிடம் வந்தார்.

"தம்பி, உன்ட கலியாணத்துக்கு முந்தி கனமூலை ஊர்ல உனக்குப் பேசின சம்பந்தத்தக் குழப்பினது நான்தான். நித்திரையில எழும்பி நடப்பாய் எண்டு சொன்னேன்."

"என்னத்துக்கு நானா?"

"நீ பொண்ணு வீட்டோட போயிட்டா, லொறியில நான் யாரோட கதைக்கிற?"

சாகப்போகிற மனிதராச்சே. எல்லோரும் அழுதழுது மாப்புக் கொடுத்தோம்.

ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நானா வான் வண்டியிலிருந்து இறங்கிச் சலாம் சொன்னார். ஆட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "மௌத்தாப் போறீங்க எண்டுதானே மாப்புக் குடுத்தேன்!"

"குடுத்ததைத் திருப்பி எடுக்க ஏலாது" என்றார் நானா.

சில கிழமை சுடுதண்ணி ஊற்றிய பிளாஸ்டிக் பேசினில் குந்தி முனகினார். பிறகு தேத்தண்ணிக் கடையில், பள்ளி வாசலில், எங்கே போனாலும் மூலக் கதைதான். வெக்கம் என்ற ஒன்று அந்த மனிதருக்கு அறவே போய்விட்டது.

எனக்கோ வாய் திறக்க வெக்கம். இரண்டு வருடமாக எனக்கும் அதே வியாதி, பெண்சாதிக்கும் சொல்லவில்லை. நான் ஒருக்களித்து உட்கார்ந்து லொறி ஓட்டுவதை நானா கண்டுபிடித்துவிட்டார்.

"நாளைக்கு டொக்டர்ட்ட போறம்."

"பயமா இருக்கு நானா."

"என்னப் பாரு. ஒண்டும் நடக்காது."

ஒன்றும் நடக்கவில்லைதான். ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது தாதி மிஸ்ஸி சொன்னார். "வெளியில ஒருத்தர் காலையில இருந்து அழுதுக்கிட்டே நிக்கிறாரு. உங்கட கூடப் பிறந்தவரா?"

ஓம் என்றேன்.